முடி கொட்டுதுன்னு எழுதினீங்க, நான் உங்க ரத்தத்தப் பத்திதான் முதல்ல பேசணும்

நாகப்பட்டினம் மாவட்டத்துல, கடலோரத்துக்குப் பக்கத்துல இருக்கற ஒரு கிராமத்துலேர்ந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. பேரு ஊரு எதுவும் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, போடல. அவங்க சொன்னது சுருக்கமா இதுதான்.

வயசு 34. ரெண்டு பசங்க, சின்னவனுக்கு 5 வயசு. போன ஐப்பசி அடைமழையில டெங்கு வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. கார்த்திகையில வீட்டுல புதுசா போர் போட்டாங்க, தண்ணி உப்பு கரிக்குது, சோப்பு போட்டா நுரையே வர மாட்டேங்குது. பொங்கல் கழிஞ்சதும் முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கு, சீப்புல, தலகாணியில, குளிக்கற ரூம் ஜல்லடையில கொத்து கொத்தா. இப்ப ஆடி மாசம், இன்னும் நிக்கல, வகிடும் அகலமாயிட்டே போகுது. ஷவருக்கு ஃபில்டர் வாங்கி மாட்டியாச்சு. நாத்தனார் சொன்னாங்கன்னு ஃபோன்ல ஆர்டர் பண்ணி மூலிகை எண்ணெய் பாட்டில் 1,800 ரூபாய்னு நாலு பாட்டில் தீந்தாச்சு. முடிக்குன்னு மிட்டாய் மாதிரி விக்கற பயோட்டின்ங்கற விட்டமின தினமும் சாப்பிடறாங்க. கொழுந்தன் முடி வளர தலையில தடவிக்கற மினாக்சிடில்ங்கற மருந்த எடுத்து மூணு வாரம் தடவி, இன்னும் அதிகமா கொட்டவே பயந்து நிறுத்திட்டாங்க. மாமியார் வைத்தீஸ்வரன் கோயில்ல மொட்டை போட்டுக்கோ, அடர்த்தியா வளரும்ங்கறாங்க. டவுன்ல ஒரு கிளினிக்ல தலையில போடற பி.ஆர்.பி ஊசி 6 சிட்டிங், 36,000 ரூபாய் பேக்கேஜ், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினா குறைச்சுக்கறோம், சரியாகலன்னா முடி நட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

கேக்கறது மூணு கேள்வி. போர் தண்ணிதானே காரணம்? பி.ஆர்.பி-க்கு வளையல அடகு வைக்கலாமா? எனக்கு வழுக்கை விழுந்துடுமா?

இதெல்லாம் எழுதி முடிச்சு, கடைசில நாலு வரி சும்மா சேத்த மாதிரி எழுதியிருக்காங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குது, வயசாகுது போல. மாதவிலக்கு மாசாமாசம் 8 நாள் போகுது, கட்டி கட்டியா, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அப்படித்தான். அப்புறம், "சொல்ல வெக்கமா இருக்கு டாக்டர், அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து அப்படியே மென்னு தின்னுடறேன், நிறுத்த முடியல."

அம்மா, உங்க கடுதாசியில எனக்கு முக்கியமா பட்டது அந்த கடைசி நாலு வரிதான். எண்ணெய், போரு, ஊசி எல்லாத்தப் பத்தியும் சொல்றேன், ஆனா மொதல்ல இத சொல்லிடறேன். பச்சை அரிசி, சாம்பல், மண்ணு, ஐஸ் கட்டி இதுமாதிரி சாப்பாடு இல்லாதத தின்னணும்னு அடக்க முடியாம தோணறது இரும்புச் சத்து குறைஞ்சவங்ககிட்ட நாங்க அடிக்கடி பாக்கற அறிகுறி. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. கெட்ட பழக்கம்னு நெனச்சு வீட்டுல மறைச்சு வச்சிருக்கீங்க, அது உடம்பு கேக்கறது. 8 நாள் கட்டியா போறது, மாடி ஏறினா மூச்சு வாங்கறது, அரிசி மெல்லறது, முடி கொட்டறது, நாலையும் வரிசையா வச்சுப் பாத்தா, உங்களுக்கு ரத்தசோகை இருக்கும்னு நான் பலமா சந்தேகப்படறேன். நேர்ல பாக்காம, டெஸ்ட் பண்ணாம முடிவா சொல்லக்கூடாது, அதனால சந்தேகம்னுதான் சொல்றேன். ஆனா அந்த டெஸ்ட் எடுக்காம இன்னொரு ரூபா கூட தலைக்கு செலவு பண்ணாதீங்க.

தமிழ்நாட்டுல இது ஒண்ணும் அபூர்வம் இல்ல. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல நம்ம மாநிலத்துல 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. பாதிக்கு மேல. அத்தனை பேரும் வயசாகுது போல, வேலை ஜாஸ்தி போலன்னு சொல்லிக்கிட்டே ஓடிட்டிருக்காங்க, எனக்கு அதுதான் மனசு தாங்கல.

அப்ப டெங்கு காரணம் இல்லையா?

இருக்கு, ஆரம்பிச்சு வச்சது பெரும்பாலும் அதுதான். தலையில சுமாரா 1 லட்சம் முடி இருக்கும். ஒவ்வொரு முடியும் 2 வருஷத்துலேர்ந்து 6 வருஷம் வரைக்கும் வளரும், அப்புறம் வளர்ச்சி நின்னு ஒரு மூணு மாசம் சும்மா இருந்துட்டு உதிரும், அதே வேர்லேர்ந்து புதுசு வரும். ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல நடவு நட மாட்டாங்கல்ல, ஒரு வயல்ல நாத்து, பக்கத்து வயல்ல கதிரு, அந்தாண்ட அறுப்புன்னு இருக்கும், தலையும் அப்படித்தான், அதனாலதான் தினமும் 50லேர்ந்து 100 முடி விழுந்தாலும் நமக்கு தெரியறதில்ல. கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்ப குறைக்கறது, பெரிய துக்கம், இதுல ஏதாச்சும் வந்தா வளந்துட்டிருக்கற முடியில நிறைய ஒரே நேரத்துல வளர்ச்சிய நிறுத்திக்கும். அது உதிர 2, 3 மாசம் ஆகும். ஐப்பசியில டெங்கு, தையில கொட்டுது, கணக்கு சரியா இருக்கு பாருங்க. இதுக்கு டெலோஜன் எஃப்ளூவியம்னு பேரு. முடி கொட்டுதுன்னு யார் வந்தாலும் நான் கேக்கற மொத கேள்வி, இப்ப என்ன எண்ணெய் வைக்கறீங்கன்னு இல்ல, மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்கறதுதான்.

ஆனா டெங்கு மட்டும் காரணம்னா இந்நேரம் நின்னிருக்கணும். காய்ச்சலால கொட்டறது பொதுவா 6 மாசத்துக்குள்ள தன்னால அடங்கிடும். உங்களுக்கு ஆடி வந்தும் நிக்கலன்னா, பின்னாடி வேற ஏதோ அத நிக்க விடாம பண்ணுது. ரத்தம் போயிட்டே இருக்கறது அதுல ஒண்ணு. தைராய்டு இன்னொண்ணு. வகிடு அகலமாகறதுன்னு எழுதியிருக்கறதால, பரம்பரையா வர பொம்பளைங்களோட முடி மெலிதலும் கூட சேந்திருக்கலாம், உங்க அம்மாவுக்கோ சித்திக்கோ உச்சியில முடி கம்மியான்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கறது சகஜம்தான், காய்ச்சல்ல கொட்டினப்பதான் ரொம்ப நாளா மெல்ல நடந்துட்டிருந்தது வெளில தெரிய வரும்.

போர் தண்ணி பாவம்

கடலோரத்துல நெலத்தடி தண்ணி உப்பா இருக்கறது உங்க பக்கம் பழைய கஷ்டம், அத நான் லேசா பேசல. உப்புத் தண்ணி, கடினத் தண்ணி முடிய சொரசொரன்னு ஆக்கும், சிக்கு விழும், நடுவுல ஒடியும். ஆனா வேரோட கழட்டாது. இத நீங்களே வீட்டுல பாத்துக்கலாம். தலை சீவி விழுந்த முடியில ஒரு பத்த எடுத்து கருப்பு துணி மேல வச்சு, டியூப் லைட்டுக்கு கீழ ரெண்டு நுனியையும் பாருங்க. ஒரு நுனியில வெள்ளையா, குண்டூசி தலைய விட சின்னதா ஒரு மொட்டு இருந்தா அது வேர்லேர்ந்து கழண்டு வந்தது, உள்ளேர்ந்து வர காரணம். மொட்டே இல்லாம கட்டை கட்டையா, ரெண்டு பக்கமும் ஒடிஞ்சிருந்தா அது தண்ணி, சீப்பு, இறுக்கமான ஜடை, ஸ்ட்ரெய்ட்டனிங் செஞ்ச வேலை. நீங்க நீள நீளமா கொத்தா வருதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால பெரும்பாலும் மொட்டோடதான் இருக்கும். அதே தண்ணியிலதான் உங்க வீட்டுக்காரரும் பசங்களும் குளிக்கறாங்க, அவங்களுக்கு கொட்டலயே.

அந்த ஷவர் ஃபில்டர் தண்ணியில கரைஞ்ச உப்ப எடுக்காது, மாத்தறதுக்கு கேட்ரிட்ஜ் வாங்கிட்டு இருக்காதீங்க. தலைக்கு குளிச்சு முடிச்சதும் கடைசில ரெண்டு சொம்பு நல்ல தண்ணி, மழைத் தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்தி அலசினா போதும், கண்டிஷனர் நுனிக்கு மட்டும் போடுங்க.

என்ன டெஸ்ட், எங்க

உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் இலவசமா பாப்பாங்க. மாசமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12-க்கு கீழ போனா ரத்தசோகை. ஆனா அது மட்டும் பத்தாது, ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட், உடம்புல சேத்து வச்சிருக்கற இரும்பு எவ்வளவுன்னு காட்டறது, அதயும் எடுக்கணும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. லேப் ரிப்போர்ட்ல நிறைய எடத்துல 10-க்கு மேல இருந்தாலே நார்மல்னு அச்சடிச்சிருப்பாங்க, 14-ன்னு வந்தத பாத்துட்டு நார்மல்னு மடிச்சு பீரோல வச்சுடுவாங்க. 30-க்கு கீழ இருந்தா இருப்பு காலியாயிட்டிருக்குன்னுதான் நாங்க எடுத்துக்கறது, முடிக்காக பாக்கற தோல் டாக்டர்கள் நிறைய பேரு 40-க்கு மேலயாவது கொண்டு வரப் பாப்போம். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீங்க, ஃபெரிட்டின் பொய்யா ஏத்திக் காட்டும். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச், அப்புறம் விட்டமின் பி12, விட்டமின் டி.

பயோட்டின் மிட்டாய டெஸ்டுக்கு குறைஞ்சது மூணு நாள் முன்னாடி நிறுத்திடுங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. பயோட்டின் ஜாஸ்தியா ரத்தத்துல இருந்தா தைராய்டு ரிப்போர்ட்டே தப்பா வர வாய்ப்பிருக்கு. சொல்லப்போனா அத மறுபடி ஆரம்பிக்கவே வேண்டாம், பயோட்டின் குறைபாடு நம்ம சாப்பாட்டுல ரொம்ப அபூர்வம், குறையே இல்லாதவங்களுக்கு அதனால முடி வளரும்னு நல்ல ஆதாரம் கிடையாது.

அப்புறம் மாதவிலக்கு. 8 நாள், கட்டி கட்டியா, அஞ்சு வருஷமா. இத பொம்பளைங்கன்னா அப்படித்தான்னு விடக்கூடாதும்மா. கர்ப்பப்பையில நார்க்கட்டி இருக்கான்னு ஒரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும், போக்க குறைக்கறதுக்கு மாத்திரையும் இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் சாதனமும் இருக்கு, கர்ப்பப்பையவே எடுக்கணும்னு யாராச்சும் எடுத்த எடுப்புல சொன்னா இன்னொரு மகளிர் டாக்டர்கிட்ட கேக்காம ஒத்துக்காதீங்க. ஓட்டைய அடைக்காம இரும்பு மாத்திரை மட்டும் முழுங்கினா எவ்வளவு முழுங்கினாலும் பத்தாது. வயல்ல, கொல்லையில செருப்பு இல்லாம நடக்கறவங்களா இருந்தா கொக்கிப்புழுவும் ரத்தத்த உறிஞ்சும், பூச்சி மாத்திரை வேணுமான்னு சுகாதார நிலையத்துலயே கேளுங்க.

இரும்பு மாத்திரை சாப்பிடற விதம்

மாத்திரை குடுத்தாங்க, வயித்த பெரட்டுச்சு, நிறுத்திட்டேன்னு பத்துல பாதி பேர் சொல்வாங்க. மலம் கருப்பா போகும், பயப்படாதீங்க. வயித்த பெரட்டினா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கலாம், அப்படி போட்டாலும் உடம்பு நல்லாவே எடுத்துக்கும். காபி, டீ, பாலோட போடவே போடாதீங்க. நம்ம பக்கம் காலையில காபி இல்லாம பொழுதே விடியாது, அந்த காபியோட மாத்திரைய முழுங்கினா இரும்புல பெரும்பங்கு உள்ள போகாம வெளில போயிடும், அதனால ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளி, ஒரு டம்ளர் எலுமிச்சை தண்ணியோடயோ நெல்லிக்காயோடயோ போடுங்க. ஹீமோகுளோபின் 12 தாண்டின உடனே நிறுத்திடாதீங்க, இருப்பு நிரம்ப அதுக்கு மேல மூணு மாசமாவது ஆகும்.

பீட்ரூட் செவப்பா இருக்குன்னு அதால ரத்தம் ஊறிடும்னு நம்பாதீங்க, அதுல இரும்பு கொஞ்சம்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு நல்லது, அசைவம் சாப்பிடறவங்கன்னா ஈரல், சுவரொட்டி, மீன் இன்னும் நல்லா ஒட்டும். சாப்பாட்ட பத்தி ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு கடைசில மிச்சம் இருக்கற சோத்துல ரசத்த ஊத்தி சாப்பிடறீங்களா? முட்டையும் மீன் துண்டும் பசங்களுக்கும் அவருக்கும் போயிடுதா? முடி புரதத்தால ஆனது, அந்த ஒரு முட்டைய உங்க தட்டுலயும் வைங்க.

மினாக்சிடில், பி.ஆர்.பி, எண்ணெய்

மினாக்சிடில் போட்டா மொத சில வாரம் அதிகமா கொட்டறது அந்த மருந்தோட வழக்கமான குணம், பழைய முடிய தள்ளிட்டு புதுசு வர வழி. யாரும் சொல்லாததால பயந்துட்டீங்க, உங்க மேல தப்பில்ல. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையா வந்த மருந்து அது, சாப்பிட்டவங்களுக்கு முடி வளரவே, 1988-ல தலையில தடவறதுக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. பரம்பரை மெலிதலுக்கு நல்ல மருந்துதான். பலன் தெரிய 4லேர்ந்து 6 மாசம், நிறுத்தினா கிடைச்சது போயிடும், அதனால உங்களுக்கு அந்த வகை மெலிதல் இருக்குன்னு ஒரு டாக்டர் பாத்து சொன்னா ஆரம்பிங்க, இல்லன்னா வேண்டாம். கொழுந்தனோடத எடுத்து போடாதீங்க, நெத்தியில கன்னத்துல வழிஞ்சா அங்கயும் முடி மொளைக்கும். மாசமா இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் கூடாது. வீட்டுல பூனை இருந்தா ஜாக்கிரதை, அதுக்கு இது விஷம், கொஞ்சம் நக்கினாலே உயிருக்கு ஆபத்து. கொழுந்தன் வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடுங்கற மாத்திரையும் சாப்பிடறார்னா அத நீங்க தொட வேண்டாம், குழந்தை தரிக்கற வாய்ப்பு இருக்கற பொம்பளைங்களுக்கு அது ஆகாது.

பி.ஆர்.பி-ங்கறது உங்க ரத்தத்தயே எடுத்து சுத்தவிட்டு, தட்டணுக்கள் நிறைஞ்ச பகுதிய தலையில ஊசியா போடறது. பரம்பரை மெலிதல்ல சிலருக்கு கொஞ்சம் பலன் தருது, காய்ச்சலாலயும் இரும்பு குறைவாலயும் கொட்டறதுக்கு அது மருந்தே இல்ல. ரத்தமே குறைஞ்சிருக்கற ஒருத்தருக்கு ஒரு ரத்த டெஸ்ட் கூட எழுதாம 6 சிட்டிங் பேக்கேஜ் சொல்றாங்கன்னா, அந்த கதவ தாண்டி வந்துடுங்க. வளையல அடகு வைக்காதீங்க. இந்த வாரமே கட்டணும்ங்கற அவசரம் எந்த முடி வைத்தியத்துலயும் கிடையாது. முடி நடறது உங்களுக்கு இப்ப பேச்சுக்கே எடுக்க வேண்டாம், கொட்டிக்கிட்டு இருக்கற தலையில நட மாட்டாங்க. பொதுவாவே இத எழுதறேன், மத்தவங்களும் படிக்கறாங்க: 2016-ல சென்னையில ஒரு மருத்துவ மாணவர் முடி நடப் போய் உயிர விட்டாரு, 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் பதிவு பெற்ற, முறையா பயிற்சி எடுத்த டாக்டர்தான் இத செய்யணும்னு விதி சொல்லிடுச்சு. எங்க போனாலும் செய்யப்போற டாக்டர் பேரு, கவுன்சில் பதிவு எண், எழுத்துல செலவு விவரம், பணத்துக்கு ரசீது, நாலும் கேளுங்க, கேக்கறது உங்க உரிமை. ஏமாத்திட்டாங்கன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அந்த ரசீதுதான் பேசும்.

எண்ணெய். தேங்கா எண்ணெய் முடித் தண்டுக்குள்ள போயி புரதம் கழுவிப் போகாம காக்கும், அதனால ஒடியறது குறையும், நல்லதுதான். வேர்லேர்ந்து புது முடி மொளைக்க வைக்காது, 40 ரூபா எண்ணெயும் வைக்காது 1,800 ரூபா எண்ணெயும் வைக்காது. வழுக்கைய குணமாக்கும்னு எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு மருந்து விதிகள்ல ஷெட்யூல் ஜே-ன்னு ஒரு பட்டியலே இருக்கு, அத தெரிஞ்சுதான் பாட்டில்ல காஸ்மெட்டிக்னு சின்னதா போட்டுட்டு விளம்பரத்துல பெருசா பேசறாங்க. பொடுகு இருந்தா ராத்திரி எண்ணெய் வச்சுட்டு படுக்காதீங்க, பொடுகுக்கு காரணமான பூஞ்சைக்கு அது தீனி. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் ரெண்டு தடவை, நுரைய 5 நிமிஷம் விட்டு அலசணும். சின்ன வெங்காயம் தேய்க்கறத விட்டுடுங்க, தலை புண்ணாகி வரவங்கள நான் பாத்துட்டுதான் இருக்கேன்.

மொட்டை போட்டா அடர்த்தியா வளராது. வெட்டின நுனி மட்டையா இருக்கறதால தடிமனா தோணும், வேர் எத்தனையோ அத்தனைதான். முத்துக்குமாரசாமிக்கு வேண்டிக்கிட்டு இருந்தீங்கன்னா சந்தோஷமா முடி இறக்குங்க, அது உங்க நம்பிக்கை. வைத்தியமா நெனச்சு, மாமியார் சொல்றாங்கன்னு மனசில்லாம போட்டுக்க வேண்டாம்.

வழுக்கை விழுந்துடுமா?

விழாது. காய்ச்சலாலயும் இரும்பு குறைவாலயும் கொட்டற வகையில வேர் சாகறதில்ல, ஆம்பளைங்க மாதிரி பளபளன்னு ஆகாது. பரம்பரை மெலிதல் கூட இருந்தாலும் பொம்பளைங்களுக்கு முன் நெத்தி வரிசை பெரும்பாலும் அப்படியே நிக்கும், உச்சியில அடர்த்திதான் குறையும், அத மருந்தால நிறுத்தி வைக்கலாம். இப்ப ஆடியில ரத்தத்த கவனிக்க ஆரம்பிச்சீங்கன்னா கொட்டறது குறைய ஐப்பசி ஆகும், புதுசா வரது கண்ணுக்கு தெரிய தை ஆகும். முடி மாசத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், பழைய ஜடை நீளத்துக்கு ரெண்டு மூணு வருஷம் புடிக்கும், இத இப்பவே சொல்லிடறேன், நடுவுல யாரும் வேற எண்ணெய் விக்காம இருக்கறதுக்கு.

வட்டமா காசு மாதிரி ஒரு எடத்துல மட்டும் வழுவழுன்னு ஆனாலோ, தலையில எரிச்சல், சீழ், தழும்பு வந்தாலோ காத்திருக்காம உடனே தோல் டாக்டர பாருங்க, அது வேற நோய். புழுவெட்டுன்னு சொல்றது கூட புழுவால வரதில்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே வேர தாக்கறது, அதுக்கு ஊசி மருந்து இருக்கு. மூச்சு வாங்கறது படுத்திருக்கும்போதும் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

உங்களுக்கு நாகப்பட்டினம் அரசு மெடிக்கல் காலேஜ், திருவாரூர், தஞ்சாவூர் மூணுமே எட்டற தூரம்தான், மூணுலயும் தோல் பிரிவு, மகளிர் பிரிவு ரெண்டும் உண்டு, பைசா செலவில்ல. போற அன்னைக்கு எண்ணெய் வைக்காதீங்க, மொத நாளும் அன்னைக்கும் தலைக்கு குளிக்காதீங்க, முடிய லேசா இழுத்துப் பாத்து எத்தனை வருதுன்னு டாக்டர் கணக்கு பாப்பாரு. டெங்குக்கு படுத்திருந்தப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, அந்த எண்ணெய் பாட்டில், பயோட்டின் டப்பா எல்லாத்தயும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க, கூட்டத்துல நின்னுக்கிட்டு சொல்ல வராது. அரிசி தின்னறதயும் அந்த தாள்லயே எழுதிடுங்க, டாக்டர் படிச்சுக்குவாரு. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கம்மா.